அபயக்கரத்தின் நூறாவது கூட்டம்

காலை ஒன்பதரை மணிக்கு டெல்சி தன் புருஷன் பிரைட்டனை ஆம்புலன்சில் கொண்டுவந்து இறக்கியபோது, அபயக்கரம் மல்டி ஸ்பெஷாலிட்டி மருத்துவமனை வாசலில் குலைவாழை கட்டியிருந்தார்கள். யாருக்கோ கல்யாணம் போல என்று நினைத்தாள். அதற்குமேல் நினைக்க நேரமில்லை. நாற்பது வயது ஆம்பிள்ளை, கரையில் நின்று இழுக்கிற கரைமடி வலையில் மற்றவர்கள் கையை விட்ட பிறகும் கயிறைப் பிடித்து நிற்கிறவன், ஸ்டிரெச்சரில் கிடந்து ஒரே ஒரு மூச்சுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். உதடு நீலம் பாரித்துவிட்டது.

நடந்தது இதுதான். வள்ளத்தில் வழுக்கி விழுந்ததில் பிரைட்டனுக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. போன திங்கட்கிழமை கட்டைப் பிரித்தபோது கெண்டைச்சதை வீங்கிக் கனத்துச் சூடாக இருந்தது. கட்டைப் பிரித்தால் எண்ணெய் தேய்த்து உழிச்சல் என்பது மணவாளக்குறிச்சிக் கரையில் யாரும் யோசித்துப் பார்க்காத சட்டம். வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசான் எண்ணெய் கொடுத்தார். அவருக்கு வேறு ஆள் காத்திருந்ததால் உழிகிற வேலையை டெல்சியே எடுத்துக்கொண்டாள். மூன்று நாளும் வீக்கம் வற்றவில்லை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவதென்று கீழிருந்து மேலாக முழுப் பலத்தோடு உழிந்துவிட்டாள். எழுந்து கக்கூஸ் பக்கம் நடந்தவன், கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவசரப் பிரிவில் டாக்டர் பெமிலா இருந்தாள். மார்த்தாண்டத்துப் பெண், சின்ன வயது. காலைப் பார்த்தாள், மூச்சைப் பார்த்தாள், ஸ்கேனுக்கு அனுப்பினாள். பத்து மணிக்கெல்லாம் படம் கையில் வந்துவிட்டது. இதுவரைக்கும் அந்த ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"அக்கா, கால்ல உறைஞ்ச ரத்தக்கட்டி பிஞ்சு மேல போயி நுரையீரல் குழாய அடைச்சிருக்கு. இருதயம் அதுக்கு எதிரா தள்ளித் தள்ளித் தளந்து போவுது. பிரஷர் எண்பதுதான் இருக்கு."

"நான் உழிஞ்சதுனாலயா டாக்டரே?"

பெமிலா ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தாள். "அத இப்ப பேசண்டாம். இனி புதுசா கட்டி சேராம இருக்க மருந்து ஏத்தியாச்சு. ஆனா அது அடைச்சதக் கரைக்காது. கரைக்கதுக்கு வேற ஊசி இருக்கு. ரத்தம் கசியுத அபாயமும் அதுல உண்டு. ஆனா இவருக்கு இப்ப அதப் போட்டே ஆவணும்."

"அத எங்க போயி வாங்கணும்? சொல்லுங்க, நான் ஓடிப்போயி வாங்கிட்டு வாறேன்."

பெமிலா தன் வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து சின்ன அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினாள். "வாங்கண்டாம். இங்கதான் இருக்கு. ஆனா போட எனக்கு அதிகாரம் இல்ல."

அப்போதுதான் மாடியில் மணி அடித்தது. பள்ளிக்கூட மணி மாதிரி நீளமான மணி. நுரையீரலில் அடைப்பு என்று ஸ்கேனில் தெரிந்தால் அந்த மணி தானாக அடிக்குமாம். அடித்துவிட்டால் 'உயிர்காக்கும் ஒருங்கிணைந்த உடனடி முடிவுக் குழு' கூடும். குழு கூடிவிட்டால் தனி டாக்டர் யாரும் வாயையோ ஊசியையோ திறக்கக்கூடாது. பெமிலா மேசைமேல் கிடந்த சிறு புத்தகத்தைப் புரட்டி, பதினான்காம் விதியை டெல்சிக்குக் காட்டினாள். 'கூட்டம் நிறைவுற்றும் முடிவு எட்டப்படாவிடில் பணி மருத்துவர் தம் பொறுப்பில் சிகிச்சை அளிக்கலாம்.'

"அப்ப கூட்டம் சட்டுனு முடிஞ்சா?"

"முடிஞ்சா நானே போடுவேன். இதுவரைக்கும் கூட்டத்துக்கு முன்னாடி ஆளுதான் முடிஞ்சிருக்கு. நீங்க மேல போயி எப்பிடியாவது சீக்கிரம் முடிவு சொல்ல வையுங்க அக்கா."

மாடி வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. தரக்கட்டுப்பாட்டு மேலாளரும் குழுவின் செயலாளருமான ஜெபசீலன் கோட்டு சூட்டோடு நின்றிருந்தார். டெல்சியின் தலையில் பன்னீரைத் தெளித்து, 'முடிவெடுப்பவர்' என்று அச்சடித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"வாங்க வாங்க. உங்க மாப்பிள்ளை கொடுத்து வச்ச ஆளு. இன்னைக்கு எங்க குழுவோட நூறாவது கூட்டம். வேற நாள்ல வந்திருந்தா கற்கண்டு கிடைச்சிருக்காது."

"சார், எனக்க மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டுது சார்."

"தெரியும்மா. அதுக்காகத்தானே இவ்வளவு ஏற்பாடும்."

கூட்டம் என்பது டெல்சிக்குப் புதிதல்ல. மீன் விற்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அவளுக்குக் கூட்டம்தான். தெருவின் அன்பியம் என்கிற ஜெபக் குழுவுக்கும் மகளிர் குழுவுக்கும் அவள்தான் செயலாளர். தெற்குத் தெருவும் வடக்குத் தெருவும் சட்டையைப் பிடித்துக்கொண்ட திருவிழாக் கூட்டங்களில்கூட அவள் உட்கார்ந்து நோட்டு எழுதியிருக்கிறாள். ஆனால் கீழே ஒருவன் செத்துக்கொண்டிருக்க, மேலே குத்துவிளக்குக்குத் திரி திரிக்கிற கூட்டத்தை அவள் பார்த்ததில்லை.

மேடையில் இயக்குநர் டாக்டர் நாராயணபெருமாள் நடுவில் இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் டாக்டர்கள். சுவரில் ஒரு பெரிய மின்னணுக் கடிகாரம் சைபரில் நின்றது. ஆரம்ப ஜெபத்தை ஜெபசீலன் ஏறெடுத்தார். உலக சமாதானத்தில் தொடங்கி, மழைக்காக, ஆளுகிறவர்களுக்காக, லிஃப்ட் பழுதுபார்க்கிற சகோதரர்களுக்காக எல்லாம் மன்றாடி பத்து நிமிடத்தில் ஆமென் சொன்னார். பிறகு குத்துவிளக்கு. மின்விசிறிக் காற்றில் மூன்று தடவை அணைந்தது. ஒருவர் விசிறியை நிறுத்தப் போனார், சுவிட்ச் எது என்று தெரியாமல் மைக்கை நிறுத்திவிட்டு வந்தார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே மிக வேகமாக முடிவெடுக்கும் குழு என்ற விருதுக்கு அவர்கள் அந்தக் கடிகாரத்தைத்தான் கணக்குக் காட்டுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் டெல்சியிடம் பெருமையாகச் சொன்னார்.

இயக்குநர் எழுந்தார். "நண்பர்களே, முன்பெல்லாம் ஒரு டாக்டர் தனியாக முடிவெடுப்பார். நோயாளி பிழைத்தால் அவருக்குப் பெயர். போய்விட்டால் அவருக்குக் கெட்ட பெயர். இந்த அநியாயத்துக்கு நாம் முடிவு கட்டினோம். இங்கே எந்தத் தனி மனிதனும் தவறு செய்ய முடியாது. தவறு செய்வதாக இருந்தால் எல்லோரும் ஒற்றுமையாகத்தான் செய்வோம்."

கைதட்டல். கதவு திறந்து பெமிலா தலையை நீட்டினாள். "சார், பிரஷர் எழுபத்தாறு."

"குறுக்கீடு ஒன்று. குறித்துக்கொள்ளுங்கள்," என்றார் இயக்குநர். கடிகாரத்தை நிறுத்தினார்கள். குறுக்கீட்டு நேரம் கணக்கில் வராது.

அடுத்தது முந்தைய கூட்ட அறிக்கை. ஜெபசீலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "தொண்ணூற்றொன்பதாவது கூட்டம் மிகச் சிறப்பாக நடைபெற்றது. கருத்துகள் சுமுகமாகப் பரிமாறப்பட்டன. மதிய உணவு இடைவேளையின்போது நோயாளி விடைபெற்றார். தொண்ணூற்றொன்பது கூட்டங்களில் ஒரு மருத்துவர் மீதுகூடப் புகார் எழவில்லை. முடிவெடுத்தது யார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாததே இதற்குக் காரணம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். விடைபெற்ற அன்னாருக்காக ஒரு நிமிடம் எழுந்து மௌனமாக நிற்போம்."

எல்லோரும் எழுந்தார்கள். டெல்சியும் எழுந்தாள். அந்த ஒரு நிமிடத்தில் அவள் காதில் ஒலித்தது பிரைட்டனின் மூச்சுதான், இழுத்து இழுத்து. அடுத்த கூட்டத்தில் இவர்கள் யாருக்காக எழுந்து நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. 

பிறகு சிகிச்சை வழிகள். ஒவ்வொரு துறைக்கும் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அதுவும் கடிகாரக் கணக்கில் வராது.

முதலில் பொது மருத்துவர். பழுத்த அனுபவம், நிதானமான குரல். "இப்போது ஏறுகிற மருந்தே போதும் என்பது என் கட்சி. மீதியை உடம்பு தானே கரைத்துக்கொள்ளும். சில வாரங்கள் ஆகலாம். கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டால் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு மூளையில் ரத்தம் கசியும். அந்த இரண்டு மூன்று பேருடைய சொந்தக்காரர்கள் வந்து கேள்வி கேட்பார்கள். ஊசி போடாமல் போகிறவர்களின் சொந்தக்காரர்கள் கடவுள் சித்தம் என்று போய்விடுகிறார்கள். முப்பது வருடமாகப் பார்க்கிறேன்."

அடுத்து இருதய டாக்டர் ஜெஃப்ரின். தொடை ரத்தநாளம் வழியாகக் குழாயை விட்டுக் கட்டியை உறிஞ்சி எடுப்பது அவர் வழி. திரையில் வண்ணப்படம் ஓட்டினார். மெஷின் புத்தம் புதிது, எட்டு மாதமாகப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "அருமையான கருவி. இயக்கத் தெரிந்தவர் கொச்சியில் இருக்கிறார். மாலைக்குள் வந்துவிடுவார். குழாய்க்கு ஆர்டர் போட்டிருக்கிறோம். அதுவரை நோயாளி ஒத்துழைக்க வேண்டும்."

மூன்றாவது அறுவை டாக்டர். அவர் கண்ணில் ஆசை பளபளத்தது. "நெஞ்சைத் திறந்து கட்டியைக் கையால் எடுப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. பதினோரு வருடமாக இதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். செய்து பார்க்கத்தான் ஒரு வாய்ப்பும் அமையவில்லை." சொல்லிவிட்டு டெல்சியைப் பார்த்து வாஞ்சையாகச் சிரித்தார்.

டெல்சி கையைத் தூக்கினாள். "சார், அந்தக் கரைக்கிய ஊசிய யாரு பேசுவா?"

மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊசி போடுவது அவசரப் பிரிவு. அவசரப் பிரிவுக்கு இந்தக் குழுவில் நாற்காலி இல்லை. ஊசிக்காகப் பேச அந்த மாடியில் ஒரு நாதியும் இல்லை.

"நல்ல கேள்வி," என்றார் இயக்குநர். "அது 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் வரும்."

"நாந்தானே முடிவெடுக்கியவ? அட்ட போட்டிருக்கியளே. நான் சொல்லுகேன், ஊசி போடுங்க. என்ன வந்தாலும் நான் கையொப்பு போடுகேன்."

"பாருங்கள், உணர்ச்சிவசப்படுகிறீர்கள். முடிவு உங்களுடையதுதான். இங்கே குடும்பம்தான் ராஜா. ஆனால் ராஜா இருபத்திரண்டு பக்கப் படிவத்தைப் பூர்த்தி செய்யவேண்டும். செயலாளரே, முதல் கேள்வி."

ஜெபசீலன் வாசித்தார். "ரத்தக்கட்டி தூண்டப்பட்டதா, தானாக வந்ததா?"

டெல்சி கணக்குப் போட்டாள். பொய் சொல்லலாம். ஆனால் சத்தியம் சொன்னாலாவது இவர்கள் சீக்கிரம் முடிப்பார்களோ என்று ஒரு நப்பாசை. "மாவுக்கட்டு போட்டுருந்து சார். பிரிச்ச காலு வீங்கியிருந்து. நான்தான்... எனக்க இந்தக் கையாலதான் உழிஞ்சேன். தெரியாம செய்துபோட்டேன். கொண்டு போயி என்ன வேணும்னாலும் செய்யுங்க, அவரக் காப்பாத்துங்க."

மேடையில் கலகலப்பு வந்துவிட்டது. தூண்டியது மாவுக்கட்டா, உழிச்சலா? கட்டி உருவானதுதான் தூண்டலா, பிய்ந்ததும் தூண்டலில் சேருமா? பொது மருத்துவரும் ஜெஃப்ரினும் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். உழிந்தது வலது கையா இடது கையா என்று அறுவை டாக்டர் டெல்சியிடம் கேட்டார். கடைசியில் இதை ஆராய மூவர் துணைக்குழு அமைப்பதென்றும், அதன் அறிக்கை வரும்வரை படிவத்தின் இரண்டாம் கேள்விக்குப் போவதில்லை என்றும் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஏகமனது என்றதும் கைதட்டினார்கள்.

கதவு திறந்தது. பெமிலா வாயைத் திறக்கவில்லை. விரலால் ஆறு காட்டி, பிறகு நான்கு காட்டினாள். அறுபத்து நாலு. அவள் கண் கலங்கியிருந்தது. இயக்குநர் குறுக்கீடு இரண்டு என்றார்.

டெல்சி மேசையில் கிடந்த நிகழ்ச்சிநிரலைப் பார்த்தாள். இனித் துணைக்குழு உறுப்பினர்களுக்குப் பொன்னாடை. அதற்குப் பிறகு நூறாவது கூட்ட மலர் வெளியீடு. பிறகு இதர விஷயங்கள். எல்லாவற்றுக்கும் அடியில், தடித்த எழுத்தில், 'நன்றியுரை: திரு. ஜெபசீலன்.'

அந்த வார்த்தையில் அவள் கண் நின்றது. நம் மாவட்டத்தில் கல்யாணம் நின்றுபோகும், பாலம் நின்றுபோகும், நன்றியுரை இல்லாமல் ஒரு கூட்டம் நின்றதாகச் சரித்திரம் கிடையாது. அதேபோல நன்றியுரை சொன்ன பிறகு ஒரு கூட்டம் தொடர்ந்ததாகவும் கிடையாது. கடற்கரையில் எந்தச் சண்டை எந்த உச்சியில் நின்றாலும், ஒருவர் எழுந்து 'இந்த நல்ல வேளையில்' என்று தொடங்கினால் போதும், சட்டையைப் பிடித்தவன் கையை எடுத்துவிட்டு இறுதி ஜெபத்துக்குக் கண்ணை மூடுவான். எத்தனை தடவை அவளே அப்படி முடித்துவைத்திருக்கிறாள்!

டெல்சி எழுந்தாள். நேராக மைக்குக்குப் போனாள்.  குரலை நடுங்கவிடவில்லை.

"இந்த நல்ல வேளையிலே, நூறாவது கூட்டத்தச் சிறப்பாத் தலைமை தாங்கி நடத்திய இயக்குநர் அய்யா அவர்களுக்கு எங்க குடும்பத்தின் சார்பாவும் மணவாளக்குறிச்சி கடற்கரையின் சார்பாவும் நன்றி. அருமையான ஜெபம் ஏறெடுத்த செயலாளர் அய்யாவுக்கு நன்றி. தானா கரையும்னு சொன்ன பெரிய டாக்டருக்கு நன்றி. மெசினு வாங்கி வச்ச டாக்டருக்கு நன்றி. நெஞ்சத் திறக்க ஆசப்படுத டாக்டருக்கும் நன்றி. மைக்கு செட்டு போட்ட சகோதரருக்கும், பன்னீரு தெளிச்சவியளுக்கும், வெளிய தேத்தண்ணியும் வடையும் ஆயத்தமா வச்சிருக்கியவியளுக்கும் நன்றி. கீழ கெடந்து இம்புட்டு நேரமும் மூச்சுவிட்டுட்டு இருக்க எனக்க மாப்பிள்ளைக்கும் நன்றி. இறுதி ஜெபத்துக்காகக் கண்கள மூடுவோமா."

மூடிவிட்டார்கள். அதைத்தான் சொல்கிறேன், மூடிவிட்டார்கள்! ஞாயிறுப் பள்ளியில் பழகியது, ஆண்டு விழாவில் பழகியது, சங்கத்தில் பழகியது. இயக்குநர் இந்துக் கோவிலுக்குப் போகிற ஆள், அவரும் கைகூப்பித் தலை குனிந்தார்.

"ஆண்டவரே, இந்தக் கூட்டத்த முடிச்சுத் தாரும், ஆமென்."

"ஆமென்," என்றது சபை. நாற்காலிகள் இழுபட்டன. வடை என்ற சொல் ஏற்கனவே காற்றில் இருந்தது. ஜெபசீலனே கையில் ஃபைலோடு எழுந்து இரண்டு எட்டு வைத்த பிறகுதான் ஏதோ விட்டுப்போனதைப் போல் திரும்பிப் பார்த்தார். கடிகாரத்தை யாரோ நிறுத்திவிட்டார்கள்.

டெல்சி படியில் ஓடினாள். "டாக்டரே! கூட்டம் முடிஞ்சு!"

கோட்டுப் பையிலிருந்த பெட்டியின் மூடியைப் பெமிலா பல்லால் கடித்துப் பிய்த்தாள். அப்போது மணி பதினொன்று நாற்பது. படம் கையில் வந்து ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. ஊசி இறங்க ஆன நேரம் ஐந்தே வினாடி. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. டெல்சி கட்டில் காலடியில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவனைத் தொட அவளுக்குப் பயமாக இருந்தது. அரை மணி நேரம் கழித்துத் திரையில் எழுபது வந்தது. பிறகு எழுபத்தெட்டு. தொண்ணூறு வந்தபோது பெமிலா சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் பிரைட்டன் கண்ணைத் திறந்து, "ஏட்டி, என்னத்துக்கு நீ பன்னீரு மணக்குத?" என்று கேட்டான். டெல்சி ஓங்கி அழுதாள்.

மறுநாள் பத்திரிகைகளுக்குச் செய்தி போனது. 'அபயக்கரம் குழுவின் நூறாவது கூட்டம்: பதினெட்டு நிமிடங்களில் முடிவு, மீனவர் உயிர் பிழைத்தார்.' பெமிலாவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மாற்றுக்கு ஆள் இல்லாததால் அதைப் படித்துக்கொண்டே பணியைத் தொடரும்படி அதன் அடியில் எழுதியிருந்தது. மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். 'நன்றியுரை நிகழ்த்தும் உரிமை செயலாளருக்கே உரியது. நோயாளியின் உறவினர் நிகழ்த்தும் நன்றியுரையும் இறுதி ஜெபமும் இனிச் செல்லாது.' டெல்சி அதை இரண்டு தடவை வாசித்தாள். தன் பெயர் இல்லை, நல்லவேளை என்று கஞ்சி வாங்கப் போனாள்.

அவள் தூக்குவாளியோடு திரும்பி வரும்போது மாடியில் அந்த மணி அடித்தது.

அவசரப் பிரிவு வாசலில் அறுபது வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். வேட்டியின் மடித்துக்கட்டு அவிழ்ந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. கழுத்தில் 'முடிவெடுப்பவர்' அட்டை. தலையில் பன்னீர். அஞ்சுகிராமத்துக்காரர், பெயர் சுடலையாண்டி. உள்ளே அவர் பெண்சாதி. பெமிலா கோட்டுப் பையைப் பிடித்தபடி கதவருகில் நின்றாள்.

"மேல கூட்டத்துக்குப் போவணுமாம் தாயி," என்றார் அவர். "எனக்கு ஒரு எழவும் வெளங்கல. அவ மூச்சு போயிட்டே இருக்கு."

டெல்சிக்குப் பலகையில் ஒட்டியிருந்த தாள் நினைவுக்கு வந்தது. தான் வந்த வழியைத் தன் பின்னாலேயே அடைத்துவிட்டார்கள். அவர் கையைப் பிடித்தாள். "அண்ணாச்சி, ஒங்க ஊருல கூட்டம், கோயில் கொடைன்னு வந்தா எப்பிடி முடியும்?"

"கொடையா? வில்லுப்பாட்டுல கடைசியா வாழி பாடுவோம். பாடிட்டா முடிஞ்சுது. எல்லாரும் எழும்பிருவாவ. அதுக்கென்ன இப்ப?"

"பாடத் தெரியுமா?"

"பின்பாட்டு பாடியிருக்கேன். எதுக்குத் தாயி கேக்க?"

டெல்சி படியேறிக்கொண்டே சொன்னாள், மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டார். கதவு அவரை உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது. டெல்சி தூக்குவாளியை மார்போடு பிடித்தபடி வெளியே நின்றாள். ஆரம்ப ஜெபம் கேட்டது. விளக்கு அணைந்தது, மறுபடி ஏற்றினார்கள். நூற்றோராவது கூட்டம், முந்தைய கூட்ட அறிக்கை, கைதட்டல். இயக்குநர் ஒற்றுமையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அப்போது அந்தக் குரல் எழுந்தது. கரகரத்த, அழுகையில் உடைந்த, சுருதி எங்கும் சேராத கிழட்டுக் குரல். ஊர் வாழி என்றது. கூடியிருக்கும் சபை வாழி என்றது. மருந்து வாழி, மருத்துவர் வாழி என்றது. கட்டின பெண்சாதியின் பெயரைச் சொல்லி வாழி என்று வந்த இடத்தில் குரல் அறுந்தது. மண்டபத்தில் ஒரு நாற்காலியும் நகரவில்லை. டெல்சி கண்ணை மூடிக்கொண்டாள். அறுந்த இடத்திலிருந்து அவர் மறுபடி எடுத்தார்.

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு இன்னொன்று.

டெல்சி படியில் இறங்கி ஓடினாள்.